முதன்முறை பனிச்சறுக்கு கற்க, குடும்பத்துக்கு ஏற்ற, செலவு கட்டுப்படியாகும் இடம் எது?

கோத்தகிரி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் நானும் என் கணவரும், பதினொரு வயது மகளும், ஏழு வயது மகனும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் என் மாமியாரும் இருக்கிறோம். தலைகுந்தா புல்வெளியில் ஜனவரி மாதத்து உறைபனியைக் காட்டிக் காட்டியே பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். இனி உண்மையான பனியில் சறுக்கக் கற்க வேண்டும் என்று இருவரும் பிடிவாதமாக இருக்கிறார்கள். அவர்களுடன் சேர்ந்து நாங்கள் இருவரும் கற்றுக்கொள்ள விரும்புகிறோம்.

கணவருக்கு ஆல்ப்ஸ் மலைக்கே சென்றுவிட வேண்டும் என்ற ஆசை. இமயமலையிலேயே கற்க முடியும் என்னும்போது அத்தனை செலவு தேவையா என்பது என் தயக்கம். அரையாண்டு விடுமுறையில் போவது நல்லதா, பொங்கல் விடுமுறையில் போவது நல்லதா? சில நாட்களில் பிள்ளைகள் எதையாவது உருப்படியாகக் கற்பார்களா? துணிமணிகள், பலகைகள் எல்லாம் வாங்க வேண்டுமா, வாடகைக்குக் கிடைக்குமா? மாமியாரை அழைத்துச் செல்வது சரியா? சென்று வந்தவர்களும் விவரம் அறிந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெலிங்டன் முன்னாள் படைவீரர்:

சகோதரிக்கு வணக்கம். பணிக்காலத்தில் காஷ்மீரில் இருந்தவன் என்ற முறையில் குல்மார்க்கைப் பற்றிச் சொல்கிறேன். பனியைப் பார்க்கச் செல்லும் பயணமும் சறுக்கக் கற்கச் செல்லும் பயணமும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பார்க்க வருபவர்கள் காலையில் ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் பயணம் செய்து, கொண்டோலா எனப்படும் கம்பிவடப் பெட்டியில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு மாலையில் இறங்கிவிடுகிறார்கள். கற்க வருபவர்கள் குல்மார்க்கிலேயே நான்கைந்து இரவுகளாவது தங்கி, ஒரே பயிற்சியாளரிடம், ஒரே சரிவில், தினமும் காலையும் மாலையும் நிற்க வேண்டும். உங்கள் பணத்தில் பெரும்பகுதி அந்தப் பயிற்சியாளருக்கும் அந்த இரவுகளுக்கும் போகட்டும்; சோன்மார்க், பஹல்காம் என்று ஊர் ஊராகச் சுற்றும் தொகுப்புச் சுற்றுலாவுக்குப் போக வேண்டாம். அப்படிச் சுற்றினால் பிள்ளைகள் எந்த ஊரிலும் பலகையை மாட்டிக் கழற்றுவதைத் தவிர வேறெதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

குல்மார்க் ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கடலோர ஊர்களிலிருந்து நேரே வந்து இறங்குபவர்களுக்கு முதல் நாள் தலைவலியும் மூச்சிரைப்பும் வருவதுண்டு. கோத்தகிரியில் வளர்ந்து, உதகைக்கும் தொட்டபெட்டாவுக்கும் போய் வந்து பழகிய உங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் பெரும்பாலும் இருக்காது.

அங்கே இரண்டு உலகங்கள் உள்ளன. ஊர் அமைந்திருக்கும் கிண்ணம் போன்ற புல்வெளியின் ஓரங்களில், இழுவைக் கம்பி வசதியுடன், குழந்தைகள் விழுந்து எழுந்து பழகக்கூடிய குட்டையான சரிவுகள் இருக்கின்றன. கொண்டோலாவின் உலகம் வேறு. அதன் முதல் கட்டம் சுமார் 3,080 மீட்டரில் உள்ள கொங்டூரி வரையிலும், இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டர் வரையிலும் போகின்றன. வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் குல்மார்க்கைத் தேடி வருவது இந்த இரண்டாம் கட்டத்துக்காகத்தான். அங்கே தடம் செப்பனிடப்படுவதில்லை, பனிச்சரிவு அபாயம் உண்டு, புதைந்தவரைக் கண்டறியும் கருவியும் மண்வாரியும் இல்லாமல் அனுபவசாலிகளே இறங்க மாட்டார்கள். முதல் பயணத்தில் உங்கள் குடும்பத்துக்குக் கிண்ணமே போதும். கொங்டூரிக்கு ஒருநாள் வேடிக்கை பார்க்க ஏறிவிட்டு, கொண்டோலாவிலேயே இறங்கிவிடலாம். சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பயிற்சிக்கு நம்பகமான வழி, ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குல்மார்க்கில் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம். முகாம்களின் தேதியையும் வயது வரம்பையும் கேட்டு உறுதிசெய்துவிட்டு, அதன்பின் விமானச் சீட்டு எடுங்கள். மகனுக்கு வயது போதவில்லை என்றால் தனிப் பயிற்சியாளரை அமர்த்தலாம். அப்போது நாள் கூலி, எத்தனை மணி நேரம், பலகை வாடகை அதில் சேர்ந்ததா இல்லையா ஆகிய மூன்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அந்த மண்ணில் பனிச்சறுக்கு நேற்று வந்ததல்ல. நம் படையின் உயர்மலைப் போர்ப்பள்ளியே 1948-இல் ஜெனரல் திம்மய்யா குல்மார்க்கில் தொடங்கிய பனிச்சறுக்குப் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான். தந்தையிடமிருந்து மகன் என்று இந்தக் கலையைக் கற்ற குடும்பங்கள் குல்மார்க்கின் அடிவார ஊரான தங்மார்க் வட்டாரத்தில் இருக்கின்றன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்.

உதகை ஆசிரியர்:

பெரியவர் இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் காலத்தைப் பற்றியும் ஆல்ப்ஸைப் பற்றியும் எழுதுகிறேன்.

நம் மலையில் ஜனவரி மாதம் வறண்ட மாதம். இரவில் வானம் தெளிந்து தரை குளிர்வதால் பனித்துளி உறைகிறதே தவிர, மேலிருந்து பனி பொழிவதில்லை. காஷ்மீரின் குளிர்காலம் இதற்கு நேர்மாறானது. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி வரும் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்த அமைப்புகள்தாம் அங்கே பனியைக் கொட்டுகின்றன. அவை ஓர் ஆண்டு டிசம்பரிலேயே வரும், இன்னோர் ஆண்டு பிப்ரவரி வரை காக்க வைக்கும். சில்லாய் கலான் என்று காஷ்மீரிகள் அழைக்கும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்கினாலும், குளிர் வந்த அன்றே பனியும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. 2024 ஜனவரியின் முதல் பாதியில் குல்மார்க் புல்வெளி பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தது. 2025-இல் பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஆகவே அரையாண்டு விடுமுறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பனி உறுதியில்லாத அந்த வாரத்தில்தான் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தால் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். பொங்கல் விடுமுறை அதைவிட நல்லது. பள்ளியில் அனுமதி பெற்றுப் பிப்ரவரி முற்பகுதியில் ஒரு வாரம் போக முடிந்தால் அதுவே மிக நல்லது. பதினொரு வயதுக்குள் ஒரு வாரப் பாடம் விட்டுப்போவதால் பெரிய இழப்பு ஏதும் வந்துவிடாது என்பதை ஓர் ஆசிரியராக, பொறுப்புடனேயே சொல்கிறேன். எப்படியானாலும், தேதி மாற்ற அனுமதிக்கும் அறை, விமானச் சீட்டுகளைத் தேர்ந்தெடுப்பது அவசியம்.

இனி ஆல்ப்ஸ். உங்கள் கணவரின் ஆசை நியாயமானதே. குழந்தைகளுக்குக் கற்பிப்பதில் ஆல்ப்ஸ் ஊர்களுக்கு இருக்கும் ஏற்பாடு இந்தியாவில் இன்னும் வரவில்லை. ஏறுவதற்கு ஊர்ந்து செல்லும் தரைவிரிப்புப் பட்டைகள், ஒவ்வொரு இரவும் இயந்திரத்தால் செப்பனிடப்படும் சரிவுகள், எளியதற்கு நீலம், நடுத்தரத்துக்குச் சிவப்பு, கடினமானதற்குக் கறுப்பு என்ற தட அடையாளங்கள், வயதுவாரியான குழு வகுப்புகள் எல்லாம் அங்கே வழக்கமானவை. உயரமும் அச்சுறுத்தாது: புகழ்பெற்ற செர்மாட் 1,608 மீட்டரிலும் கிரின்டல்வால்ட் 1,034 மீட்டரிலும்தான் உள்ளன, இரண்டுமே கோத்தகிரியைவிடத் தாழ்வான ஊர்கள். செலவைப் பொறுத்தவரை, புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறை தொடங்கும்வரை உள்ள ஜனவரி வாரங்களில் அங்கே விலை இறங்கியிருக்கும். நம் பொங்கல் விடுமுறை சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது என்பது ஒரு நல்வாய்ப்பு. சுவிட்சர்லாந்தைவிட ஆஸ்திரியாவும், அதைவிட பல்கேரியாவின் பான்ஸ்கோவும் மலிவு. பான்ஸ்கோ ஆல்ப்ஸில் இல்லை, பிரின் மலைத்தொடரில் உள்ளது. ஆனால் பயிற்சி முறை அதே ஐரோப்பிய முறைதான்.

இருந்தும், விமானக் கட்டணத்தை விட்டுவிட்டே கணக்குப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ, உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு ஆளுக்கு 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம், சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரங்களில் பனிச்சறுக்கு விபத்தை ஏற்பதில்லை என்பதால் அதற்குத் தனியாகக் கூடுதல் தொகை. அதன் பிறகு சரிவில் மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட்டுக்கான சீட்டு, பலகை வாடகை, வகுப்புக் கட்டணம் எல்லாம் யூரோவில். முதல் வாரத்தில் ஒரு குழந்தை கற்பது என்ன? பலகைகளின் முன்முனைகளைக் குவித்து, பின்முனைகளை அகற்றி, ஏர்க்கலப்பையைப் போல் பிடித்து வேகத்தைக் குறைத்து நிற்பது; பிறகு எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றித் திரும்புவது. இதற்கு கிரின்டல்வால்டும் ஒன்றுதான், குல்மார்க் கிண்ணமும் ஒன்றுதான். திரும்பவும் நிற்கவும் தெரிந்த பிள்ளைகளோடு ஆல்ப்ஸுக்குப் போனால், அங்குள்ள பல மைல் நீளத் தடங்களின் பயன் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும்; தெரியாமல் போனால் அந்தச் செலவில் அடிவாரத்துத் தொடக்கச் சரிவிலேயே வாரம் முடிந்துவிடும். ஆகவே இந்த முறை இமயம், அடுத்த முறை ஆல்ப்ஸ் என்பது என் கருத்து.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். நமக்கு அடுத்த மலையான குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, கிராஸ் கன்ட்ரி எனப்படும் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் கேலோ இந்தியா பதக்கங்களை வென்றவர். பனி பொழியாத மலையில் பிறந்தது அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

குன்னூர் இயன்முறை மருத்துவர்:

உடலையும் உபகரணத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் முதன்முறை செல்பவர்களின் நாட்களைக் கெடுப்பது பெரும்பாலும் பொருந்தாத பூட்ஸ்தான். வாடகைக் கடையில் அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை போதும். குளிருக்கு அஞ்சி இரண்டு மூன்று அணிந்தால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் குளிரும். பூட்ஸை மாட்டி நிமிர்ந்து நின்றால் கால்விரல் நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எந்த நிலையிலும் மேலே எழும்பக் கூடாது. பிள்ளை "பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை" என்று சொன்னாலும் ஏற்காதீர்கள். பலகையின் நீளம் தொடக்கநிலையில் மோவாய் உயரம் இருந்தால் போதும்.

பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் பைண்டிங் என்ற பிடிப்பானே முழங்காலைக் காப்பது. விழும்போது அது தானாக விடுபட்டால்தான் கால் முறுக்கிக்கொள்ளாது. அந்த விடுபடும் அளவு, அணிபவரின் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்தது. உங்கள் கணவருக்கு முந்தைய ஆள் வைத்திருந்த அளவிலேயே பலகையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திருகி அமைத்துத் தரச் சொல்லுங்கள். நால்வருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பிள்ளைகளுக்கு முதல் சில நாட்கள் கைக்கம்பு வேண்டாம், கவனம் காலில் இருக்கட்டும்.

குல்மார்க்கில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 10 பாகைக்குக் கீழும் போகும், உதகை உறைபனியை வைத்து அதைக் கணக்கிடாதீர்கள். உடலோடு ஒட்டும் உள்ளாடை பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிர வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் நீர்புகாத மேலங்கியும் கால்சட்டையும் என்று மூன்று அடுக்கு வேண்டும். ஸ்வெட்டரை நம் உதகை தாவரவியல் பூங்கா அருகே உள்ள திபெத்தியர் கடைகளிலேயே வாங்கிவிடலாம், வெளி அடுக்கைத் தங்மார்க்கிலோ குல்மார்க்கிலோ வாடகைக்கு எடுக்கலாம். கையுறை மட்டும் சொந்தமாக, ஆளுக்கு இரண்டு இணை, நீர்புகாததாக வாங்குங்கள். நனைந்த கையுறையோடு எந்தக் குழந்தையும் அரை மணி நேரத்துக்கு மேல் சறுக்காது. புதுப்பனி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பக்கூடியது. ஆகவே மேகமூட்டமான நாளிலும் கண்ணாடியும் சூரியக் களிம்பும் வேண்டும், மூக்கின் அடிப்பக்கத்துக்கும் சேர்த்து.

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பாகவே உடலைத் தயார் செய்யத் தொடங்குங்கள். சறுக்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே எடையைத் தாங்குகின்றன. ஏற்றம் ஏறுவதைவிட இறக்கம் இறங்குவதே அதற்கு ஏற்ற பயிற்சி. தேயிலைத் தோட்டப் பாதைகளில் முழங்காலைச் சற்று மடக்கியபடி நிதானமாக இறங்குங்கள், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்வதுபோல் நில்லுங்கள். பிள்ளைகளுக்கு எதுவும் தேவையில்லை, அவர்கள் ஓடுவதே போதும்.

மாமியாரை உங்கள் மருத்துவரிடம் காட்டி அனுமதி பெற்ற பிறகு அழைத்துச் செல்லுங்கள். குல்மார்க் ஊர்வரை போகலாம். கொண்டோலாவின் இரண்டாம் கட்டத்துக்கு அவரையும் சின்ன மகனையும் அழைத்துச் செல்ல வேண்டாம். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான்.

கொடைக்கானல் பயணி:

குல்மார்க்குக்கு மாற்றாக மூன்று இடங்களைக் குறிப்பிட விரும்புகிறேன், அவற்றில் ஒன்று உங்கள் கணவருக்கும் பிடிக்கலாம்.

உத்தராகண்டின் அவுலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகாம் என்ற மாநில அரசு நிறுவனம் தொடக்கநிலைப் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. சரிவுகள் சீரானவை, எதிரே 7,816 மீட்டர் உயர நந்தா தேவி தெரியும், 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடமும் அதுவே. கற்பதற்கு மட்டும் என்றால் குல்மார்க்குக்கு அது குறைந்ததல்ல. சிக்கல் பயணத்தில் உள்ளது. ரிஷிகேஷிலிருந்து அவுலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு முழு நாள் போய்விடும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அங்கிருந்து மேலே செல்லும் ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. ஆகவே சாலை வழியாகவே அவுலிக்கு ஏறுவதாக வைத்துத் திட்டமிடுங்கள். ஏழு வயதுக் குழந்தையையும் வயதானவரையும் வைத்துக்கொண்டு நான் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மணாலி அருகே உள்ள சோலாங் பெயர்பெற்றது என்றாலும், சாதாரண நாட்களில் அங்கே கூட்டம், மோட்டார் வண்டிகள், சறுக்கு வண்டிகள் ஆகியவற்றின் நடுவில் கற்பது கடினம். அங்கே போவதாக இருந்தால் மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தின் முகாமில் சேர்ந்து கற்பது ஒன்றே சரியான வழி.

மூன்றாவது, கஜகஸ்தானின் ஷிம்புலாக். அல்மாத்தி நகருக்கு மேலேயே உள்ள இந்த இடத்தின் அடிவாரம் சுமார் 2,260 மீட்டர், ஏறக்குறைய நம் உதகையின் உயரம். இந்தியர்கள் 14 நாட்கள் வரை விசா இல்லாமல் அந்நாட்டில் தங்கலாம், தில்லியிலிருந்து நேரடி விமானம் உண்டு, நகரத்தில் தங்கி மெதியூவிலிருந்து கொண்டோலாவில் தினமும் ஏறி இறங்கலாம் என்பதால் மலைமேல் விடுதிச் செலவும் மிச்சம். இரவில் செப்பனிட்ட தடமும் முறையான குழந்தைகள் வகுப்பும் வேண்டும், ஐரோப்பியச் செலவு வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆங்கிலம் பேசும் பயிற்சியாளரை முன்பே கேட்டுப் பதிவுசெய்துவிடுங்கள்.

துபாயில் உறவினர் இருந்தால், அங்குள்ள ஸ்கீ துபாய் உள்ளரங்கில் ஓரிரு வகுப்புகள் எடுப்பதும் வீண்போகாது. 400 மீட்டர் நீளச் சரிவு வரை அங்கே இருக்கிறது, வானிலையை நம்ப வேண்டியதில்லை.

கோத்தகிரி வாசகி:

இத்தனை அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து இவற்றைப் படித்துக் காட்டினேன். இந்த முறை குல்மார்க் என்றும், பொங்கலுக்குப் பதிலாகப் பிப்ரவரி முதல் வாரம் என்றும் முடிவாகிவிட்டது. கணவர் ஷிம்புலாக்கை அடுத்த ஆண்டுக்கு எழுதி வைத்துவிட்டார். மாமியார் வர ஆசைப்படுகிறார், மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். கோவையிலிருந்து ரயிலில் போவது நல்லதா, விமானமா என்பதையும், அங்குள்ள பாதுகாப்பு நிலையைப் பற்றியும் வெலிங்டன் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

வெலிங்டன் முன்னாள் படைவீரர்:

நல்ல முடிவு, சகோதரி. கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவை அடுத்த கட்ராவுக்கு வாரம் ஒருமுறை செல்லும் ஹிம்சாகர் விரைவு ரயில் கோவை வழியாகத்தான் போகிறது; கட்ராவிலிருந்து செனாப் பாலம் வழியாக ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் 2025 ஜூன் முதல் ஓடுகிறது. ஜம்மு நெடுஞ்சாலை பனியால் மூடிக்கொள்ளும் நாட்களில் இந்தப் பாதை பெரிய உதவி. ஆனால் போகவும் வரவும் ஒரு வாரம் ரயிலிலேயே கழியும், வகுப்புக்கு விடுப்பு எடுத்துச் செல்லும் பிள்ளைகளுக்கு அது ஒத்துவராது. கோவையிலிருந்து தில்லி வழியாக விமானத்தில் போங்கள். தில்லியில் மூடுபனியாலும் ஸ்ரீநகரில் பனிப்பொழிவாலும் விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் உண்டு. திரும்பும்போது ஸ்ரீநகரில் ஒருநாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மாமியார் தால் ஏரியைப் பார்க்கவும் அந்த நாள் உதவும்.

பாதுகாப்பைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொடிய தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டுப் பின்னர் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டன. குல்மார்க்கில் படையினரும் காவலர்களும் எப்போதும் இருப்பார்கள், சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை கேட்பார்கள், பிள்ளைகளின் ஆதார் அட்டைகளும் கையில் இருக்கட்டும். புறப்படும் வாரத்தில் அரசு அறிவிப்புகளைப் பார்த்து, போகக் கூடாது என்றால் தயங்காமல் தள்ளிவையுங்கள். தேதி மாற்றக்கூடிய சீட்டு எடுங்கள் என்று ஆசிரியர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

தங்மார்க்கிலிருந்து குல்மார்க்குக்கு உள்ள 13 கிலோமீட்டர் ஏற்றத்தில், பனி விழுந்திருந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியோ மட்டுமே விடுவார்கள். விடுதியாரிடம் சொல்லி அந்த வண்டியை முன்பே ஏற்பாடு செய்தால், இறங்கியதும் சூழ்ந்துகொள்ளும் தரகர்களோடு குளிரில் பேரம் பேச வேண்டியிராது. இன்னொன்று, வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் பெரியவர்கள் இருவருக்குமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்குமாறு மாற்றிக்கொண்டு, பயிற்சியாளருக்கும் விடுதிக்கும் வண்டிக்காரருக்கும் அந்த எண்களையே கொடுத்துவையுங்கள்.